காய்கறிக் கணக்கில் ஒளிந்த கப்பல்

வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் இதழ் என்பதால் 1971 இந்தியா – பாகிஸ்தான் கடற்போர் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஏழாக ஆக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கடற்படையில் பதினைந்து வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் என்று கணக்கு எழுதுவதுதான் என் வேலை. 1971இல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போரை நான் அறிந்ததெல்லாம் பிறகு விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது பெரியவர்கள் சொல்லிக் கேட்டதும், அப்புறம் தேடிப் படித்ததும்தான்.

கேள்வி: 1971 போரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கிழக்குக் கடற்படைக்குத் தளபதியாக இருந்தார் என்று தாத்தா சொன்னார். உண்மையா? போருக்கு முன்னால் அவர் என்ன செய்தார்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உண்மைதான் அம்மா. வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே டி.எஸ்.சி. என்ற வீரப் பதக்கம் வாங்கியவர். 1971இல் விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளைக்கு அவர்தான் தலைவர். டாக்காவில் பாகிஸ்தான் படைத்தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போடும் புகைப்படத்தைப் பார்த்திருப்பாய். பின்வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் கடற்படை அதிகாரி அவர்தான். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது தாத்தாவிடம் காட்டு.

அவர் போருக்கு முன்னால் செய்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அது என் துறை சம்பந்தப்பட்டது.

அன்று நம்மிடம் இருந்தது ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல், ஐ.என்.எஸ். விக்ராந்த். வங்காள விரிகுடாவில் அது இருக்கும் வரை கிழக்குப் பாகிஸ்தானுக்கு (இன்றைய பங்களாதேஷ்) கடல் வழி கிடையாது. அதை ஒழித்துக்கட்ட பாகிஸ்தான் கையிலிருந்த ஒரே கருவி காஸி என்ற நீர்மூழ்கிக் கப்பல். அமெரிக்கக் கடற்படையில் டயாப்லோ என்ற பெயரில் இருந்து, 1964இல் பாகிஸ்தானுக்குக் கைமாறிய கப்பல் அது. கராச்சியிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடா வரை வரும் தெம்பு அவர்களிடம் இருந்த மற்ற நீர்மூழ்கிகளுக்குக் கிடையாது. 1971 நவம்பர் 14 அன்று காஸி கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

அது வருகிறது என்று கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது? கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகமான சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படை அலுவலகத்துக்குப் போன ஒரு கம்பியில்லாத் தந்தியை நம்மவர்கள் இடைமறித்தார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல், கண்ணிவெடி அகற்றும் கப்பல் போன்றவற்றில் மட்டுமே ஊற்றுகிற எண்ணெய் அது. சிட்டகாங்கில் நீர்மூழ்கியே கிடையாது, அப்புறம் அந்த எண்ணெய் எதற்கு? கிருஷ்ணனுக்கு அது ஒன்று போதுமாக இருந்தது, காஸி இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வருடக்கணக்கில் இந்த மாதிரி எண்ணெய்க் கோரிக்கைத் தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு பீப்பாய் எண்ணெய் கேட்ட தாளில் ஒரு கப்பலும் அதிலிருந்த அத்தனை பேரும் இருந்திருக்கிறார்கள்.

எதிரியின் எண்ணெய்க் கணக்கைப் படித்தவர், பதிலுக்குத் தன் காய்கறிக் கணக்கை எதிரியைப் படிக்கவைத்தார். விக்ராந்த் அதற்கு முன் சென்னையில் நின்றிருந்தது. நவம்பர் நடுவில் அதை ஓசைப்படாமல் அந்தமானுக்கு அனுப்பிவிட்டார். வட அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸ் என்று ஓர் இடம். ஆளரவம் இல்லாத, மூன்று பக்கமும் கரை சூழ்ந்த ஒதுக்கமான நங்கூரத்துறை. ரகசியக் கடிதங்களில் அதற்கு 'போர்ட் எக்ஸ்ரே' என்று பெயர் வைத்தார்கள். கப்பல் அங்கே இருக்க, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாக உலகம் நம்ப வேண்டும். அதற்காகக் கப்பல் ரேஷன் போடும் ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் மூட்டை மூட்டையாகக் கேட்கச் சொன்னார்.

இது எவ்வளவு நுட்பமான வேலை என்பது ஸ்டோர்ஸில் இருந்தவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். விக்ராந்தில் ஆயிரம் பேருக்கு மேல். ஆளுக்கு நாளைக்குக் கால் கிலோ காய்கறி என்றே வைத்துக்கொள், ஒரு நாளைக்கு 250 கிலோ. பத்து நாள் பயணத்துக்கு இரண்டரை டன். ஒரு சின்னக் கப்பலுக்கு அவ்வளவு தேவைப்படாது. சந்தையில் காய்கறி ஏற்றுகிறவனுக்கு விமானந்தாங்கிக் கப்பல் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை, 'பெரிய கப்பல் வந்திருக்கிறது' என்பது மூட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரில் யாராவது உளவு சொல்கிறவன் இருந்தால் அவன் காதுக்கும் போய்விடும்.

நான் விசாகப்பட்டினத்தில் இருந்தபோது ஒருமுறை காய்கறி கொண்டுவருகிறவரிடம், "அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும், தயாராக இருங்கள்" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டேன். அன்று மாலையே என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்: "எந்தக் கப்பல் எந்த வாரம் கிளம்புகிறது என்று அவரிடம் ஏன் சொன்னாய்?" நான் கப்பல் பெயரைச் சொல்லவே இல்லை என்றேன். "கிலோவைச் சொன்னாய் அல்லவா" என்றார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

கிருஷ்ணன் இன்னொன்றும் செய்தார். ராஜ்புத் என்று ஒரு பழைய அழிப்புக் கப்பல். 1942இல் பிரிட்டனில் நீரில் இறங்கி, 1949இல் நமக்கு வந்தது. ஓய்வு கொடுக்கும் நிலையில் இருந்த அதை விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நிறுத்தி, விக்ராந்த் போலக் கம்பியில்லாத் தந்திகளை அள்ளி வீசச் சொன்னார். சாதாரணமாக ஒரு கப்பல் இவ்வளவு பேசாது. விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் தன் தாயாரின் உடல்நிலையை விசாரிப்பது போல ஒரு சொந்தத் தந்தியும் அதில் உண்டு. அது சங்கேத மொழியில் இல்லை, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி திறந்த மொழியில் போனது. போர்த் தந்தியை எதிரி சந்தேகிக்கலாம், நோயாளித் தாயைப் பற்றிக் கேட்கும் மகனை யார் சந்தேகிப்பார்கள்?

இதையெல்லாம் யோசித்தவர் ஒரு காலத்தில் விக்ராந்துக்கே கேப்டனாக இருந்தவர் என்பதையும் நினைத்துப் பார். அந்தக் கப்பல் எவ்வளவு சாப்பிடும், எவ்வளவு பேசும் என்பது அவருக்கு அத்துப்படி.

காஸி சென்னைக்கு வெளியே விக்ராந்தைத் தேடத் தொடங்கியது நவம்பர் 23 அன்று. நம் கப்பல் கிளம்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. சென்னையில் காணாமல் அது வடக்கே விசாகப்பட்டினம் நோக்கிப் போனது. மூட்டைகளும் தந்திகளும் அதை அங்கேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

கேள்வி: காஸியை உண்மையில் மூழ்கடித்தது யார்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

ஐயா, நடந்ததை முதலில் சொல்கிறேன். டிசம்பர் 3 மாலை மேற்கே நம் விமானத் தளங்கள் மீது பாகிஸ்தான் குண்டு போட்டது, போர் தொடங்கியது. அன்று எரிபொருள் நிரப்ப விசாகப்பட்டினத்துக்கு வந்திருந்த ராஜ்புத்தின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்கைக் கிருஷ்ணன் கூப்பிட்டு, துறைமுக வாசலிலேயே எதிரி நீர்மூழ்கி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு வெளியே போகச் சொன்னார். கடலில் வழிகாட்டும் விளக்குகளை அணைக்க உத்தரவு போனது. நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் கிளம்பியது. துறைமுக வாசல் வரை கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை இறக்கிவிட்டதும் வேகம் எடுத்தது. வலப்பக்கம் தண்ணீரில் ஏதோ கலக்கம் தெரிவதாகக் கண்காணிப்பில் இருந்தவர் சொன்னார். நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். சில நிமிடங்களில் பயங்கர வெடிச்சத்தம். கரையிலும் அது கேட்டது.

பிறகு மீனவர்கள் மிதந்துவந்த பொருள்களை எடுத்துக் கொடுத்தார்கள். நிஸ்தார் என்ற மீட்புக் கப்பலின் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். அது காஸிதான் என்று உறுதியானது. டிசம்பர் 9 அன்று இந்தியா அறிவித்தது.

ராஜ்புத் போட்ட குண்டில் மூழ்கியது என்பது நம் கடற்படையின் நிலை. தன் கண்ணிவெடியிலேயே சிக்கியது அல்லது உள்ளேயே வெடித்தது என்பது பாகிஸ்தானின் நிலை. நம் கடற்படையில் ஓய்வு பெற்ற சிலர்கூட இரண்டாவதற்கு இடம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு ராஜ்புத் பக்கம்தான் மனம் சாய்கிறது. அந்த வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விக்ராந்த் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும்போது, அதைத் தேடி வந்த காஸி விசாகப்பட்டினம் வாசலில் காத்துக்கிடந்தது. எந்த வெடி அதை முடித்திருந்தாலும், அந்த இடத்துக்கு அதை வரவைத்தது கிருஷ்ணனின் ஏற்பாடு. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

காஸியில் இருந்த 93 பேரும் இறந்தார்கள். அவர்களும் மாலுமிகள். விசாகப்பட்டினத்தில் அந்தக் கடலைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் நான் அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் நின்றிருக்கிறேன்.

கேள்வி: விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் இருந்ததாமே? அப்படிப்பட்ட கப்பலை எப்படிப் போருக்கு அனுப்பினார்கள்? நான் பாய்லர் வேலை பார்க்கிறவன், எனக்கு நம்பவே முடியவில்லை.
– வாசகர், ராணிப்பேட்டை

தம்பி, உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும், அதனால்தான் நம்ப முடியவில்லை. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். அதை ஒதுக்கிவிட்டு மூன்றை வைத்துத்தான் ஓட்டினார்கள். பத்திரம் கருதி ஆவியின் அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள்.

விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் ஆவிக்கு இரண்டு வேலை. ஒன்று, கப்பலை ஓட்டுவது. இன்னொன்று, விமானத்தைக் கவண் கல் போல எறியும் 'கேட்டபல்ட்' கருவியை இயக்குவது. சீ ஹாக் ஜெட் விமானம் எழும்ப, ஓடுதளத்தின் மேல் எதிர்க்காற்று நல்ல வேகத்தில் வீச வேண்டும். அந்தக் காற்றில் ஒரு பகுதி இயற்கை கொடுப்பது, மீதி கப்பல் முன்னால் ஓடுவதால் கிடைப்பது. கப்பல் மெதுவாகப் போனால் காற்று குறையும், காற்று குறைந்தால் விமானம் குறைந்த குண்டோடுதான் எழும்ப முடியும். ஆகவே பாய்லர் விரிசல் என்பது நேராகக் குண்டு எண்ணிக்கையில் வந்து நிற்கும்.

இதை மும்பையிலேயே கட்டிப்போட்டுவிடலாம் என்ற பேச்சு பலமாக இருந்தது. 1965 போரில் பழுதுபார்ப்பில் இருந்ததால் விக்ராந்த் போருக்கே வரவில்லை, அந்த மனக்குறை கடற்படையில் எல்லோருக்கும் இருந்தது. இன்னொரு முறையும் அப்படி ஆனால் நாட்டுக்கு விமானந்தாங்கிக் கப்பலே தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா பயந்தார். மூன்று பாய்லரோடு கடலுக்குக் கொண்டுபோய், விமானங்களை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொன்னார். கேப்டன் சுவராஜ் பிரகாஷும் பொறியாளர்களும் செய்து காட்டினார்கள். அப்புறம், மேற்குக் கடலுக்கு அனுப்பாமல் கிழக்குக்கு அனுப்பியதும் யோசித்துச் செய்ததுதான். கிழக்கில் எதிரியின் விமான பலம் குறைவு, நீர்மூழ்கியும் காஸி ஒன்றுதான்.

டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் கடற்கரை ஊரான காக்ஸ் பஜாரைத் தாக்கின, அன்றே சிட்டகாங்கும் தாக்கப்பட்டது. விக்ராந்தில் இருந்த இன்னொரு வகையான அலிஸே விமானங்களும் சேர்ந்துகொண்டன. அந்த நாட்களில் பாய்லர் அறையில் நின்றவர்களின் பெயர் எந்த நினைவுப் பலகையிலும் பெரிதாக இருக்காது. விரிசல் விட்ட பாய்லருக்குப் பக்கத்தில் ஆவிக்கு நடுவே நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கடற்படை தினம் ஏன் டிசம்பர் 4?
– பள்ளி மாணவர், கும்பகோணம்

1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று சிறிய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அருகே போய்ப் பாகிஸ்தானின் கைபர், முகாஃபிஸ் ஆகிய போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. அந்த நடவடிக்கைக்கு 'டிரைடன்ட்' என்று பெயர். அதன் நினைவாகத்தான்.

ஒரு சுவையான விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள். சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய இந்தப் படகுகள் சரக்குக் கப்பலில் வந்தபோது, அவ்வளவு எடையைத் தூக்கி இறக்கும் பளுதூக்கி மும்பையில் இல்லை, கல்கத்தாவில்தான் இருந்தது. அங்கே இறக்கி, கயிறு கட்டி மற்றக் கப்பல்களால் இழுத்துக்கொண்டே கிழக்குக் கரை ஓரமாக மும்பைக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகக் காவலுக்கென்று வாங்கிய படகுகள் அவை, தாமாகக் கராச்சி வரை போய்த் திரும்பும் அளவுக்கு எரிபொருள் கொள்ளாது. 'இவ்வளவு தூரம் இழுத்து வந்தோமே, கராச்சிப் பக்கமும் இழுத்துக்கொண்டு போனால் என்ன' என்ற துணிச்சலுக்கு அந்தப் பயணமே ஒத்திகை ஆனது. ஒரு பளுதூக்கி இல்லாத குறை அப்படிப் பயன்பட்டது.

கேள்வி: இப்படிப்பட்ட முடிவுகளை அதிகாரிகள் தாமே எடுக்க முடியுமா? அரசு எங்கே வருகிறது?
– வாசகர், காரைக்கால்

முடியாது, எடுக்கவும் கூடாது. 1965ஐப் பாருங்கள். செப்டம்பரில் பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத்தின் துவாரகை வரை வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. சேதம் பெரிதில்லை, அவமானம் பெரிது. நம் கடற்படையோ போர்பந்தருக்கு வடக்கே போகக்கூடாது என்ற அரசின் உத்தரவில் கட்டுண்டு கிடந்தது.

அதனால் நந்தா 1971இல் முன்கூட்டியே பிரதமர் இந்திரா காந்தியிடம் போய்க் கேட்டார்: கராச்சியைத் தாக்கினால் அரசுக்கு அரசியல் ரீதியில் ஆட்சேபம் உண்டா? ஏன் கேட்கிறீர்கள் என்றார் பிரதமர். 1965இல் இருந்த கட்டுப்பாட்டை எடுத்துச் சொன்னார் நந்தா. சற்று யோசித்துவிட்டு, 'போர் என்றால் போர்தான்' என்ற பொருளில் ஒரே வரியில் பதில் சொன்னாராம் பிரதமர். நந்தா தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

கேட்ட விதத்தைக் கவனியுங்கள். அனுமதி கொடுங்கள் என்று வற்புறுத்தவில்லை, தடை உண்டா என்றுதான் கேட்டார். பதில் வாங்கிக்கொண்ட பிறகு தன் ஆட்களிடம் தைரியமாகத் திட்டம் போடச் சொன்னார். தலைமையில் இருக்கும் ஓர் அதிகாரி போருக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் தயாரிப்பே இதுதான் என்று நான் நினைக்கிறேன். போர் நடக்கும்போது எல்லைக்கோடு எங்கே என்று டில்லியைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. இன்னொன்று, நந்தா சிறுவயதில் வளர்ந்தது கராச்சித் துறைமுகத்தின் மனோரா தீவில். அந்தத் துறைமுகத்தின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். டிசம்பர் 8 இரவு நடந்த இரண்டாவது தாக்குதலில் கெமாரி எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது.

கேள்வி: வெற்றியை மட்டுமே எழுதுகிறீர்களே, நம் தயாரிப்பில் தவறே இல்லையா?
– வாசகி, மதுரை

இருந்தது அம்மா, எழுத வேண்டியதுதான்.

டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலை ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு மூழ்கினார். நீர்மூழ்கியை ஒலியால் கண்டுபிடிக்க நம்மிடம் இருந்த சோனார் கருவிகளைவிட அந்த நீர்மூழ்கி நவீனமானது. வேட்டைக்குப் போன கப்பலே இரையானது. எதிரியிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தும், அதற்கு ஈடான கருவியை முன்பே கொடுக்காமல் அனுப்பினோம். இதில் யாரோ ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த 194 குடும்பங்களுக்கு முன்னால், நாம் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம் என்று என்னால் சொல்ல வராது.

இன்னொன்று, கிருஷ்ணனின் கட்டளைப் பகுதியிலேயே நடந்தது. போரின் கடைசி நாட்களில், எதிரி வீரர்கள் பர்மாப் பக்கம் தப்பிவிடாமல் தடுக்க, காக்ஸ் பஜார் கடற்கரையில் கூர்க்கா வீரர்களை இறக்கத் தீர்மானித்தார்கள். அவசரமாக எடுத்த முடிவு. அந்த வீரர்களுக்குக் கப்பலிலிருந்து கரையிறங்கும் பயிற்சி கிடையாது. கரியால், குல்தார் என்ற தரையிறக்கக் கப்பல்கள் அவர்களைக் கொண்டுபோயின. கரைக்குச் சற்று முன்னால் மணல் திட்டு ஒன்று, அதைத் தாண்டியதும் ஆழமான பள்ளம். இது முன்பே சரியாக அளந்து பார்க்கப்படவில்லை. முதுகில் பாரத்தோடு இறங்கிய இரண்டு வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். எதிரே சுட ஒரு எதிரிகூட இல்லை.

மலையில் பிறந்த பையன்கள், நீச்சல் தெரியாதவர்களாகக்கூட இருந்திருக்கலாம். எங்கள் கடற்கரையில் எந்த வலைக்காரரைக் கேட்டாலும் திட்டுக்குப் பின்னால் பள்ளம் இருக்கும் என்று சொல்வார். காய்கறி மூட்டைவரை யோசித்த அதே கட்டளையகத்தில் கரையின் ஆழத்தைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. காஸி பற்றிப் பேசும் கூட்டங்களில் இதையும் பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: என் மகன் கடற்படையில் சேர்ந்திருக்கிறான். பீரங்கி, ஏவுகணைப் பக்கம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டான். ஸ்டோர்ஸ், சாப்பாடு சம்பந்தப்பட்ட பிரிவில் போட்டுவிட்டார்கள். மூட்டை எண்ணவா சேர்ந்தேன் என்று போனில் அழுகிறான். என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்

அம்மா, நானும் அதே வயதில் அதே வருத்தத்தோடுதான் போனேன். மும்பை மாலாடில் ஹம்லா என்ற பயிற்சித் தளத்தில் எங்களுக்கு முதல் பாடமே சீட்டு எழுதுவதுதான். உடன் சேர்ந்தவர்கள் கப்பலில் பீரங்கிப் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அனுப்ப எதுவும் இல்லை. இரண்டு வருடம் அம்மாவிடம் என்ன வேலை என்றே சரியாகச் சொல்லவில்லை.

அவனிடம் முதலில், அழுததில் தப்பில்லை என்று சொல்லுங்கள். பிறகு இந்த இதழில் முதல் பதிலை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். எண்ணெய்ச் சீட்டையும் மூட்டைக் கணக்கையும் பற்றி அதில் இருக்கிறது. மூன்று விஷயங்களை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தன் கையில் வரும் எந்தத் தாளையும் வெளியாள் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம். அளவையும் தேதியையும் வீட்டுக்குப் போன் செய்யும்போதுகூடச் சொல்ல வேண்டாம். நீங்களும் கேட்க வேண்டாம் அம்மா, எப்போது கிளம்புகிறாய், எத்தனை நாள் என்று கேட்க மனசு துடிக்கும், ஆனாலும் வேண்டாம். மூன்றாவது, கணக்கில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால், சின்னப் பையன் நமக்கென்ன என்று இருக்காமல் மேலே சொல்லட்டும்.

விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போகட்டும். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை அங்கே கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அது 1971இல் அரபிக்கடலில் காவல் சுற்றிய கப்பல். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அத்தனை ஆட்கள் எங்கே படுத்தார்கள், அவர்களுடைய அரிசியையும் டப்பாக்களையும் எந்த இடுக்கில் அடுக்கினார்கள் என்று அவன் பார்க்கட்டும். பீரங்கிக்காரனுக்கு அது கண்ணில் படாது, அவனுக்குப் படும். பக்கத்திலேயே 1971 வெற்றி நினைவுச் சின்னமும் இருக்கிறது.

அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கப்பல் பெயர், தேதி எதுவும் எழுத வேண்டாம். சமையலறையில் பருப்பு நன்றாக வெந்ததா என்று மட்டும் எழுதினால் போதும்.